எட்டடி தள்ளி

சாதம் வடித்துவிட்டேன். வற்றக்குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். நான் மண்டியாவுக்கு அக்காவைப் பார்க்கப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன்.

"டி.வி.யே வேண்டாம்னவளுக்குத் திடீர்னு பெருசா வேணுமாக்கும்! என்னடி ஆச்சு, மீனாக்ஷி?" என்று நேற்று கேட்டீர்கள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பதில் இதோ.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தைத் திருப்பித் தர மாடிக்கு வந்தேன். மாடி வீட்டு அன்னபூர்ணியின் டி.வி. கையகலம்தான். அதனால் நீங்களும் அவளும் அதன் முன்னால் ஒட்டி உட்கார்ந்திருந்தீர்கள். அவள் வீட்டுக்காரர் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொன்னாள். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். வயிறு எரிந்தது. மறைப்பானேன்?

தேவராஜ மொஹல்லா டி.வி. கடைக்காரர் மத்தியானம் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து காட்டுவார். கலர் நமக்குக் கட்டுப்படியாகாது. கறுப்பு வெள்ளையிலேயே பெரியதை எடுங்கள். "பெரிசு அம்மாவ்ரே, எட்டடி தள்ளி உக்காரணும், இல்லேன்னா கண்ணு நோவு பருத்தே" என்றார் அவர், பாதி கன்னடத்தில்; கண்வலி வருமாம். கூடத்தில் அளந்து பார்த்தேன். எட்டடியில் என் சாய்வு நாற்காலிதான் இருக்கிறது. பக்கத்தில் உங்களுடையதையும் போட்டிருக்கிறேன். மூன்றாவதற்கு இடமில்லை.

— மீனாக்ஷி

சாவி பால் பாத்திரத்துக்கு அடியில்.

அன்னபூர்ணி பார்க்க வந்தால் வரட்டும், வீட்டுக்காரரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு. ஜமக்காளம் அலமாரியில் இருக்கிறது.

பேசாமலே இருப்பவள் நான்தான், தெரியும். வர ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சொல்லப் பார்க்கிறேன். சிரிப்பு வராவிட்டாலும் சிரியுங்கள்.