இருபது கிலோ வில்

வெள்ளிக்கிழமை, இரவு

துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் போன தடவை கொண்டுவந்த, இரண்டு முனையிலும் கப்பி வைத்த காம்பவுண்டு வில், அவன் உத்தரவுப்படி எங்கள் காம்பவுண்டைத் தாண்டியதில்லை. அதன் இழுவை இருபது கிலோ. என் கைக்கு அது அதிகம். அதனால் நேற்று மேலேயும் கீழேயும் உள்ள திருகுகளைச் சமமாகத் தளர்த்தி இழுவையைக் குறைத்தேன். லக்கேஜ் எடை பார்க்கும் தராசை ஜன்னல் கம்பியில் மாட்டி, கொக்கியில் நாணைக் கோத்து, வில்லைக் கீழே இழுத்தேன். முள் பதினாறைத் தாண்டவில்லை. யாராவது தொட்டால் தெரியட்டும் என்று திருகுகள்மேல் நெயில் பாலிஷ் தடவினேன்.

இன்று சாயங்காலம் மறுபடி இழுத்தால் இருபது. நெயில் பாலிஷில் கீறல்கூட இல்லை. ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டினேன். தராசு சரியாக ஐந்து காட்டியது.

"உம்மா, நீங்க திருகினீங்களா?"

"எனக்கு வில்வித்தை ஒண்ணுதான் பாக்கி." சட்டென்று அவர்கள் முகம் மலர்ந்தது. "உங்கண்ணன்தாண்டி, வந்துட்டான். போன தடவையும் சொல்லாம வந்து கட்டிலுக்கு அடியில கிடந்தான்ல? அதான் ஒரு வாரமா அவன்கிட்டேருந்து போன் வரல."

கட்டிலுக்கு அடியில், மாடியில், குளியலறையில் தேடினேன். யாரும் இல்லை. உம்மா தரங்கம்பாடி மீன்காரரிடம் வஞ்சிரம் வாங்கிப் பொரித்து, அவன் தட்டில் மூடிவைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு தூங்கப் போனார்கள்.

அவன் வரவில்லை, எல்லாம் என் குறும்புதான் என்று உம்மாவிடம் சொல்லிவிடலாம். உடனே நம்புவார்கள். இந்த வீட்டில் நான் செய்யாத குறும்பு இது ஒன்றுதான்.

காலையில் சொல்கிறேன். தட்டு இன்று அங்கேயே இருக்கட்டும்.