கையுறையைக் கழற்றினான் பேரன்

என்னைப் பாதியில் விட்டுப்போன என் அத்தானுக்கு,

அன்றைக்குத் தாபோடி வீட்டில் டிவி முன்னால் நாலு பேர் இருந்தோம். நான், நம்ம மக ராணி, பக்கத்து வீட்டு மராட்டிக்கார ஷிண்டே மாவ்ஷி, கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த நம்ம மகன் ஜெபராஜ். யார் என்ன சொன்னாங்கன்னு ஒரு சொல் மறக்கல.

ஜெபா மகன் ஜோஷுவா அங்கே சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடுறான். நமக்குக் காலைச் சாயா நேரம், அங்கே ராத்திரி ஆட்டம். பனித்தரையில் வழுக்கிக்கிட்டு வந்தவன், எதிர் டீம்காரன் முன்னால் நின்னு கையுறையைக் கழற்றிப் போட்டான். நீங்க வேலை பார்த்த டிப்போவோட ஃபுட்பால் டீமுக்குக் கோல்கீப்பரா நின்னப்ப, கையுறையைக் கழற்றிட்டுத்தானே எதிராளிக்குக் கை குடுப்பிய? "தாத்தா மாதிரியே பாரு, கை குடுக்கப் போறான்!"னு நான் கை தட்டினேன், அத்தான்.

அவன் குத்தினான். மற்றவனும் குத்தினான். நடுவர்கள் சும்மா நின்னு பார்த்தாங்க. "அரே தேவா, சோடவா நா கோணீதரி!" யாராவது பிரிச்சு விடுங்கன்னு மாவ்ஷி அலறினா. நம்ம பிள்ளையோட ஹெல்மெட் கழன்று, வெறுந்தலை பனியில் மோதிச்சு. கூட்டம் எழுந்து நின்னு ஆரவாரம் பண்ணிச்சு.

"பயப்படாதீங்கம்மா. அங்கே கையுறையைக் கழற்றினாலே சண்டைக்கு ரெடின்னு அர்த்தம். கோல் போட வேற பசங்க இருக்காங்க. இவனைச் சண்டை போடத்தான் டீமில் வச்சிருக்காங்க" என்றான் ஜெபா.

"தெருநாய் குரைச்சாலே மாடி ஏறுறவன் நீ. பிள்ளையை மட்டும் அடிக்க அனுப்புவியா?" என்றாள் ராணி. அவன் போனை எடுத்தான். வீடியோவில் மகன் விழுந்ததை வெட்டிட்டு, அடிச்சதை மட்டும் சர்ச் குரூப்பில் போட்டான்.

இப்போ ஜோஷுவா ஜன்னல் திரையை மூடிட்டு இருட்டில் கிடக்கான். "லைட் குத்துது பாட்டி"ன்னு போனில் சொல்றான். "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்பான். சாப்பிட்டேன்னு சொல்லி வாய் மூடுமுன்னே, "பாட்டி, சாப்பிட்டீங்களா?"

"போதும்னு அப்பாகிட்ட சொன்னேன். இன்னும் ஒரு சீசன் மட்டும் ஆடுங்கிறார்" என்றான். அடுத்த மாசம் மறுபடியும் இறங்கணுமாம்.

போன் அடிச்சா அடுப்பை விட்டுட்டு ஓடுறேன். அடிக்காவிட்டால் நானே கூப்பிடுறேன். ஒருநாள் "யார் பேசுறது?"ன்னு என்னையே கேட்டுருவானோ? இன்னொரு அடி விழுந்தா எழுந்திருப்பானா? நீங்க இருந்திருந்தா யாரிடம் போய் நியாயம் கேட்டிருப்பிய?

விசாவுக்கு ராணி எழுதிப் போட்டிருக்கா. வந்ததும் கிளம்புறேன். அவன் அறை வாசலில் பாய் விரிச்சுக் குறுக்கே படுப்பேன். என்னைத் தாண்டித்தான் அவனை ஆட்டத்துக்குக் கூட்டிப் போகணும். இது உங்களுக்கு நான் தர்ற வாக்கு.

அடிச்ச அந்த எதிர் டீம் பயலை மன்னிச்சுட்டேன். அவன் சோறும் அதில்தான். அவனுக்கும் எங்கேயோ ஒரு பாட்டி பயந்துகிட்டு இருப்பா. ஆரவாரம் பண்ணினவங்களையும் ஒருநாள் மன்னிப்பேன்.

ஜெபராஜை மன்னிக்கமாட்டேன்.

உங்க மாமன் மகள் எஸ்தர்,
ஜெபராஜைப் பெற்றவள்.