பதினேழாவது கேள்வி

அம்மா,

இன்று காலை ஏழு மணிக்கு உன் லோடு வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு திருட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. இன்ஜினை ஓடவிட்டு சூடேற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எட்டரைக்கு வண்டியைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தது. சூடான இன்ஜின் சாவியைத் திருப்பியதும் சமர்த்தாகக் கிளம்பிவிடும். ஆறிக் கிடந்தால் மூன்று முறை முக்கி, வெள்ளைப் புகை கக்கி, நாலாவது தடவைதான் கண் திறக்கும். இந்த வியாதி உனக்கும் டிரைவர் மஞ்சுநாத் அண்ணாவுக்கும் எனக்கும் தெரியும். வருகிறவர்களுக்கும் தெரிந்தே ஆக வேண்டும் என்று நான் எங்கும் படிக்கவில்லை. அப்பாவைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அதனால் கேட்கவில்லை. அவர் ஆர்.சி.யை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார்.

நீ போய் நாலு மாதம். அந்த நாலு மாதமும் வண்டி பொம்மசந்திரா எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையிலேயே நிற்கிறது. மஞ்சுநாத் அண்ணா ரெண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு ஃபேக்டரி ஷிஃப்ட். அடுத்த மாதம் எஃப்.சி. தகுதிச் சான்று முடிகிறது. அதற்குள் விற்காவிட்டால் பெயின்ட், பிரேக், டயர் என்று எல்லாம் சரிசெய்து ஆர்.டி.ஓ.வில் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும். "இன்னிக்கு முடிஞ்சிடணும்" என்று அப்பா நேற்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சாமி படத்திடம் சொன்னார். எனக்கு இதில் தனியாக அபிப்பிராயம் எதுவும் இல்லை. வண்டிக்கு எஃப்.சி., எனக்கு பி.யு.சி. இந்த வருஷம் ரெண்டு பேருமே பாஸாக வேண்டும், அதுதான் நிலவரம்.

இன்ஜின் ஓடும்போது சும்மா உட்கார முடியுமா? டேஷ்போர்டு பெட்டியைக் குடைந்தேன். காய்ந்து கருத்துப்போன ஒரு எலுமிச்சம்பழம், ரப்பர் பேண்ட் போட்ட ஊதுபத்தி, அடியில் என் ஒன்பதாம் வகுப்பு சோஷியல் நோட்டு. பிரித்ததும் டீசலும் கற்பூரமும் கலந்த வாசனை. உன் புடவையிலும் அதே வாசனைதான் அடிக்கும். 'அம்மன் பெட்ரோல் பங்க்' என்று உனக்குப் பெயர் வைத்திருந்தேன். நீ கரண்டியைத் தேடுவாய்.

பேக்கிங் செக்‌ஷனில் பதினோரு வருஷம் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினவள் நீ. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பொட்டி கட்டுறது நானு. ஏத்தினு போறது மட்டும் எவன் வண்டியோ" என்றாய். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பக்கம் போவதை விட்டுவிட்டு கேட்டுக்குப் போக ஆரம்பித்தாய். லோடுக்காகக் காத்திருக்கும் டிரைவர் ஒவ்வொருவரிடமும் ஒரே விசாரணை: "நீங்க வண்டி வாங்கச்சே எதுல ஏமாந்தீங்க?" எப்படி வாங்கினால் ஏமாறாமல் இருக்கலாம் என்று நீ யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் மேதாவி ஆகிவிடுவார்கள் என்றாய். ஏமாந்த கதையைத்தான் மனுஷன் உண்மையாகச் சொல்லுவானாம். அவர்கள் சொன்ன ஒவ்வொரு கதையையும் லேபிள் தாளின் பின்பக்கத்தில் ஒரு கேள்வியாக எழுதிவந்தாய். மொத்தம் இருபத்திரண்டு.

உன் எழுத்து உனக்கே புரியாது. அதனால் சோஷியல் நோட்டின் மிச்சப் பக்கத்தில் என்னை ஃபேர் காப்பி எழுதச் சொன்னாய். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்று கட்டம்: ஆமா, இல்ல, பொய்.

நான் இருபத்து மூன்று கேள்வி எழுதினேன்.

அத்திபெலேயில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் யார்டு ஞாபகம் இருக்கிறதா? நீ, நான், பஸ் டிக்கெட், ஒரு நோட்டு. புரோக்கர் பாஷா பாய் இந்தப் பதினாலு அடி வண்டியைக் காட்டி, ராஜா மாதிரி இருக்கும் என்றார். எந்த ராஜா என்று நான் கேட்டேன். நீ என் காலை மிதித்துவிட்டு, கேபினுக்குள் ஏறி, டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் இருக்கும் இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்தாய். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"கைகூ டென்ஷன் அம்மா?" என்றார் பாய். எதுக்கு டென்ஷன் என்று அவர் வீட்டு உருதுவில் கேட்டார்.

"கைக்கு டென்ஷன் இல்ல பாய், சூடு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டுக்கிறீங்க. ஆறட்டும்."

அன்றைக்குத்தான் தெரிந்தது, வார்த்தை விளையாட்டு எனக்கு எங்கிருந்து வந்தது என்று.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். டீ ஆறியது, இன்ஜின் ஆறியது, பாய்தான் ஆறவில்லை. காத்திருந்த நேரத்தில் நீ நோட்டைப் பிரித்து வாசித்தாய். ரெண்டு ஓனருக்கு மேல மாறிக்குதா? பாய் விரல் விட்டு, எச்சில் விழுங்கி, "மூணு" என்றார். ஆமா கட்டத்தில் டிக். பின் டயர் ரீட்ரெடா? தலையைச் சொறிந்துவிட்டு, "ரெண்டு மட்டும்" என்றார். ஆமா. ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா? "சொட்டுகூட இல்லம்மா!" பொய். என் காதில் சொன்னாய்: "டக்குனு சொல்றான் பாரு, அது பொய். மென்னு முழுங்கிச் சொன்னா நெசம்."

அப்படியே அதே குரலில் பதினேழுக்கு வந்தாய்.

"டிரைவரு பக்கத்து சீட்டுல பேய் கீய் உக்காருதா?"

நீ கேட்டு முடிப்பதற்குள் பாய், "இல்லம்மா, சத்தியமா இல்ல!" என்றார். நீ தலையை நிமிர்த்தாமல் ஒரு டிக் போட்டுவிட்டு, பதினெட்டுக்குப் போனாய். ஒரு வினாடி, எழுதினது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தொடையில் கிள்ளினாய். நோட்டை வாங்கிப் பார்த்தேன். டிக் பொய் கட்டத்தில் இருந்தது.

"அப்ப பேய் இருக்குதாம்மா?"

"எனக்கு என்னாடி தெரியும்? டக்குனு சொன்னான்ல."

ஆறின பிறகு வண்டி நாலாவது தடவைதான் கிளம்பியது. பாயே, "காலையில கொஞ்சம் சோம்பேறிம்மா" என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் அதையே வாங்கினாய். "இதோட நோவு எனக்கு தெரிஞ்சுபோச்சு. ஒரு நோவும் இல்லன்னு சொல்றாங்க பாரு, அந்த வண்டிக்குத்தான் பயப்படணும்."

இவ்வளவு கேள்வி கேட்ட நீ, நம் மர்பி டவுன் தெருவுக்குள் அது நுழையுமா என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. வண்டிக்குப் பூஜை நம் வீட்டு வாசலில்தான் என்று பிடிவாதம். மாலையும் மஞ்சளுமாக வந்த வண்டி, லில்லி ஆன்ட்டி வீட்டுத் திருப்பத்தில் சன்ஷேடுக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. "ஸ்வல்ப தடீரி அக்கா, கன்னடி ஹோகுத்தே!" என்று மஞ்சுநாத் அண்ணா கன்னடத்தில் கத்துகிறார், பொறுங்கள், கண்ணாடி போகப்போகிறது என்று. தெருவே கூடி ஆளுக்கொரு பக்கம் கை காட்டியது. கடைசியில் எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தடியிலிருந்து எடுத்து பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாய். ரிவர்ஸில் பழம் நசுக்கிப் பூஜை முடித்த வண்டி கர்நாடகத்திலேயே உன்னுடையதாகத்தான் இருக்கும். அது மறுபடி வீட்டுக்கு வரவே இல்லை. நீதான் தினமும் காலையில் பஸ் பிடித்து அதன் வீட்டுக்குப் போனாய். நோட்டில் இருபத்து நாலாவது கேள்வி உன் கோழிக்கிறுக்கலில் இருக்கிறது: 'ஊட்டாண்ட நிறுத்த எடம் கீதா?'

அந்தப் பக்கத்து சீட் உன்னுடையதானது. லோடு எங்கே போனாலும் நீயும் போனாய். இன்ஜின் மூடியின் மேல் டிபன் பாக்ஸை வைப்பாய், மதியம் வரைக்கும் சூடு. சனிக்கிழமைகளில் நானும் நடுவில் நசுங்கி வருவேன். இன்னும் ரெண்டு அடுக்கு ஏற்றச் சொல்லும் சூப்பர்வைசரிடம், குனிந்து ஸ்பிரிங் பட்டையைப் பார்த்துவிட்டு நீ சொன்னது நினைவிருக்கிறது: "பட்டை வளைஞ்சது போதும் சார். இதுக்கு மேல ஏத்தினா நான் வளையணும், போலீஸுகிட்ட." உன் சீட்டின் முதுகில் 'ரிசர்வ்டு: பேய்' என்று எழுதி ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். திட்டினாய். ஆனால் கிழிக்கவில்லை.

காய்ச்சலோடு லோடு இறக்கிவிட்டு, அதே சீட்டில்தான் ஆஸ்பத்திரிக்கும் போனாய். மறுநாள் டாக்டரிடம், "எனக்கு சரியாப் போயிடுமா சார்?" என்று கேட்டாய். அவர் டக்கென்று, "கண்டிப்பா, ஒண்ணும் இல்லம்மா" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நோட்டு அப்போது வண்டியில் இருந்தது.

சரி, இன்றைக்கு வருகிறேன்.

எட்டரைக்கு வந்தவர்கள் கே.ஜி.எஃப். ஆட்கள். டேவிட் அண்ணா, அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. அண்ணா இங்கே கம்பெனி வேலையை விட்டுவிட்டாராம். ட்ரெயினில் போய்ப்போய் வந்தது போதும், இனி சொந்த வண்டிதான் என்று ஸ்டெல்லா அக்கா அப்பாவிடம் சொன்னார். டேவிட் அண்ணா வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்தார். எல்லாரும் உதைக்கிறார்கள். ஏன் என்று டயருக்குத்தான் தெரியும். மைலேஜ் என்ன என்றார். பாட்டு சிஸ்டம் வேலை செய்யுமா என்றார். ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி முதல் தடவையிலேயே, ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்த நாள் மாதிரி, பளிச்சென்று கிளம்பியது.

"சூப்பரா கீது ஸ்டெல்லா! முடிச்சிடலாமா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். என் வேலை பலித்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. வேலையை விட்டுவிட்டு வண்டி வாங்க வருகிறவர் கையை எங்கே வைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமலா வருவார்?

"அண்ணா, இந்த மூடி மேல கைய வைங்க" என்றேன்.

வைத்தார். "சூடா கீதும்மா."

"நான்தான் ஏழு மணியிலேர்ந்து ஓடவிட்டேன். ஆறிப்போனா லேசுல ஸ்டார்ட் ஆவாது. ரெண்டு மணி நேரம் ஆவும். இருந்து பாத்துட்டு வாங்குங்க."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ஃபுல் லோடு இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "நாலு டீ சொல்லிட்டு வரேன்" என்று நடந்துவிட்டார்.

ஸ்டெல்லா அக்கா உன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நோட்டை அவரிடம் கொடுத்து, மூன்று கட்டத்தையும், டக்கென்று சொன்னால் பொய் என்ற சட்டத்தையும் விளக்கினேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார். அப்பா டீயோடு வந்ததும் விசாரணை ஆரம்பித்தது. சேஸிஸில் வெல்டிங் இருக்கா? அப்பா யோசித்து, எங்கே என்று கை வைத்தே காட்டினார். இன்ஷூரன்ஸ் நடப்புல இருக்கா? பேப்பரை எடுத்துப் பார்த்துச் சொன்னார். சிவப்பு டிக் எல்லாம் ஆமாவிலும் இல்லயிலுமே விழுந்துகொண்டு வந்தன. பொய் கட்டம் காலியாகவே இருந்தது. பாவம் அப்பா, அவருக்கு அந்தப் பாடத்தில் எப்போதும் ஃபெயில்தான். கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ஸ்டெல்லா அக்கா சிரித்தார். "எங்க ஊட்டு முன்னாடி கிரவுண்டே கீதுங்க. பத்து வண்டி நிக்கும்."

பத்தே முக்காலுக்கு டேவிட் அண்ணா மறுபடி சாவியைத் திருப்பினார். ஒன்று. இரண்டு. மூன்று. வெள்ளைப் புகை. நாலாவதில் உறுமிக்கொண்டு எழுந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேவிட் அண்ணா சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இவரும் காலையில இப்பிடித்தான்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "நாலு தபா எழுப்பணும். நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான், முடிந்தது. திங்கட்கிழமை வந்து எடுத்துப் போகிறார்கள். அப்பாவும் டேவிட் அண்ணாவும் கீழே கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா இறங்கப் போனவர் நோட்டை மறுபடி பிரித்தார்.

"ஒண்ணு உட்டுட்டேன்மா. சரியா படிச்சனான்னு சந்தேகமா இருந்திச்சு." பின்னால் சாய்ந்துகொண்டு வாசித்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் என் ஸ்டிக்கர் தெரிந்தது. வெயிலில் 'பேய்' வெளுத்துப்போய், 'ரிசர்வ்டு' மட்டும் மிச்சம் இருக்கிறது. "டிரைவரு பக்கத்து சீட்டுல பேய் கீய் உக்காருதா?"

"இல்லக்கா" என்றேன், டக்கென்று.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு டிக் போட்டு, நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பஸ்ஸில்தான் பிரித்துப் பார்த்தேன். பதினேழுக்கு நேராக நீலத்தில் உன் டிக், அதை ஒட்டிச் சிவப்பில் அவருடையது. ரெண்டும் ஒரே கட்டத்தில்.

நோட்டு இப்போது என் காலேஜ் பையில், அக்கவுன்டன்சி புத்தகத்துக்கும் பென்சில் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. பை முழுக்க டீசல் வாசனை. பாக்ஸில் வைட்னர் இருக்கிறது. அந்த ரெண்டு டிக் மேலேயும் அதைப் பூசவில்லை.