மேலேறும் வண்டிக்கு வழி

மாப்ளே,

போன வாரம் மகளை அழைத்துவர அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போயிருந்தேன். மலையிறங்கி வந்த ஒரு லாரியின் பிரேக் கருகல் வாசம் மூக்கில் ஏறியது. நீ இறந்துபோனதை மறந்து டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டேன். யாரோ ஒரு பையன் முறைத்தான்.

மகள் சென்னையில் உலக அரசியல் எம்.ஏ. சேர்ந்தது உனக்குத் தெரியாது. படிப்பைப் பாதியில் விட்டு, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நாடுகளுக்கு மேல ஒரு போலீசு கிடையாதுப்பா. பலம் இருக்கறவன் வெச்சதுதான் சட்டம். இதப் படிச்சு என்னத்தப் பண்றது? மிளகு பறிக்கிறேன், போங்க."

பத்தாம் வகுப்பின் மேல் உள்ள பிரியத்தில் அதை இரண்டு வருஷம் படித்தவன் நான். உன் கதையைச் சொன்னேன்.

அன்று உன் லாரியில் நாம் உர மூட்டைகளோடு மலை ஏறிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவில் ஒரு டூரிஸ்ட் பஸ் எதிரே வந்து நின்றது. மேலேறும் வண்டிக்குத்தான் வழி என்பது நம் மலைப்பாதையின் வழக்கம். அந்த டிரைவருக்கும் தெரியும். ஆனால் அவர் பஸ் பெரிது; ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் சீட்டை விட்டு நகராமல் வீரமாகச் சட்டம் பேசினேன்.

"சட்டத்த மடியில வெச்சுக்கிட்டுக் கம்முனு உக்காரு மாப்ளே" என்று நீ இறங்கினாய். நமக்குப் பின்னால் வந்த ஜீப்பையும் வேன்களையும் இன்ஜினை அணைக்கச் சொன்னாய். பிறகு பஸ்ஸிடம் போனாய்.

"ஏனுங்க, இத்தாப்பெரிய பஸ்ஸ இந்த வளைவுல பின்னால எடுக்க உங்களாலதானுங்க முடியும். நாஞ் சைடு பாக்குறனுங்க."

அவர் வரிசையை ஒருமுறை பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டே பின்னால் எடுத்தார்.

"பெரியவன் தோத்துப் போவமாட்டான் மாப்ளே. ஜெயிச்ச மாதிரி போவ வழி விடோணும்" என்றாய்.

மகள் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "பின்னால வண்டியே வராம, மாமா லாரி மட்டும் தனியா நின்னிருந்தா?"

"நாமதான் பின்னால போயிருப்போம்."

"அப்பப் புத்தகம் சொல்றது சரிதானே?"

"பாதி சரி கண்ணு."

"மீதி?"

"அது பத்தாவதுல வரல சாமி."

நாலைந்து நாள் மிளகு பறித்துக்கொண்டே யோசித்தாள். இன்று காலை படுக்கையை மறுபடி கட்டினாள். "துணைக்கு யாரும் இல்லாத சின்ன நாடு என்னதாம்ப்பா பண்ணும்? அதத் தேடிப் பாக்கறேன்" என்று மறுபடி சென்னைக்குப் போகச் செம்மேட்டில் பஸ் ஏறிவிட்டாள்.

இத்தனை வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை, மாப்ளே. இப்போது மிளகுக்கொடிக்கு நடுவே அதைத்தான் சுமந்து திரிகிறேன். கனமாக இல்லை. அவள் பதிலோடு வருவாள்.