நீ தேடற ஆக்டினும் என் ரத்தமும்

புதுவாயல்,
ஞாயித்துக்கிழமை.

கண்ணு நர்மதா,

அந்தக் குளுருல நீ வேளைக்குச் சாப்புட்டு, தூங்கி, நல்லா இருக்கணும்னு பவானி அம்மனை வேண்டிக்கினு எழுதறேன். நாங்களும் நல்லா கீறோம்னு எழுதலையேன்னு பாக்கறியா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. போன்ல சொன்னா பாதியிலயே அழுது என்னைப் பேச உடமாட்ட.

ரெண்டு மாசமா நெட்டு இல்ல, வீடியோ வராதுன்னு சொல்லிக்கினு இருந்தேனே, எல்லாம் பொய்டி. கண்ணு மஞ்சளாப் போச்சு, கம்பெனி கேண்டீன்ல இட்லித் தட்டைத் தூக்க முடியல, கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சும் அடங்கல. மெட்ராஸ் போய்க் காட்டினோம். டாக்டரம்மா டெஸ்ட் பாத்துட்டு, என் ரத்தத்துல ஆக்டினுக்கு எதிரா, அதான் தசையில கீற அந்தப் புரதத்துக்கு எதிரா, ஆன்டிபாடி கீதுன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது, பயத்துல இல்ல. ஐயோ, எம்பொண்ணு ஜெர்மனி லேபுல அந்த ஆக்டினைத்தாம்மா தேடிக்கினு கீறான்னு வாய் நிறையச் சொன்னேன். உன் நைனா இன்னா சொன்னாரு தெரியுமா, போன தபா நீ கொண்டாந்த வெள்ளைக் கோட்டைத் தொவைச்சியே, அதுலேருந்து ஒட்டிக்கிச்சுன்னு! இது ஒட்டற சீக்கு இல்லியாம், ஒடம்பே தன்னோட ஈரலை யாரோன்னு நெனச்சு அடிக்குதாம். அப்பவும் பஸ்ஸுல வழியெல்லாம் கோட்டு கோட்டுன்னு ஒரே பேஜாரு, என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கினாரு. லேபுல கெஞ்சிக் கேட்டு நானும் பாத்தேன். எலித் தசை மேல என் ரத்தத்தை உட்டு கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க, பச்சைப்பசேல்னு நாத்து நட்டாப்புல மின்னுது. நீ அனுப்பி நான் என் போன்ல வெச்சிருக்கேனே, அந்தப் போட்டோவேதான். ஆக்டினைத் தேட நீ புட்டியில வாங்கி ஊத்தற ஆன்டிபாடியை என் ஒடம்பு சும்மாவே செய்யுது பாரு. அங்கயே அழுதுட்டேன். உன் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்த மாதிரி இருந்துச்சு.

மாத்திரையில மஞ்சள் எறங்கிடுச்சு, உசுருக்கு ஒண்ணுமில்ல, ஆனா நிறுத்தக் கூடாதாம். அந்த மாத்திரையால மூஞ்சிதான் பூரியாட்டம் ஊதிப்போச்சு, அதான் வீடியோவுக்கு வரல. படிப்பை உட்டுட்டு ஓடியாராதன்னு எழுதத்தான் ஒக்காந்தேன், மனசு கேக்கல. உன்னைப் பாக்கணும்போல கீதுடி. பொங்கலுக்கு நாலு நாளாவது வந்துட்டுப் போ.

மகராசியா இரு. கிளவுஸ் போடாம எதையும் தொடாத, நாஷ்டா துன்னாம லேபுக்குப் போவாத. இது கெடைச்சதும் வீடியோ போடு, எடுக்கறேன். வேற யாரோ எடுத்துட்டாங்கன்னு கட் பண்ணிடாத. என் ஒடம்பே என்னை யாரோன்னு நெனச்சுக்கினு கீது, நீயாவது அம்மான்னு கூப்புடு.

உன் அம்மா
செண்பகம்