பாரீஸுக்குப் போகவிருந்த பையன்

மார்ச் 12, செவ்வாய்

மறுபடி மழை. லூசியானாவில் லெமுவெலின் கல்லூரியில் கூரை போட்ட மைதானம் கிடையாது. ஆகவே எடை பார்ப்பது, உயரம் பார்ப்பது, ஓடவிட்டுப் பார்ப்பது எல்லாம் கொட்டுகிற மழையில்தான். அமெரிக்கக் கால்பந்தின் முப்பத்திரண்டு அணிகளில் மூன்றிலிருந்து மட்டும் ஆள் பார்க்க வந்திருந்தோம். நான், பர்ல் பெட்வே கிழவர், அப்புறம் போனிலிருந்து தலையே தூக்காத ஒரு புது ஆசாமி.

லெமுவெல் பட்டீஸுக்கு முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கிற வேலை. பந்தைத் தொடவே மாட்டான், அதனால் டிவியும் அவனைத் தொடாது. முந்நூற்றுப் பத்து பவுண்டு. கையை அளந்தார்கள்: முப்பத்தொன்றரை அங்குலம். பர்ல் உச்சுக் கொட்டினார். தடுக்கிறவனுக்கு முப்பத்துமூன்று அங்குலமாவது வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. வேதம் எழுதினவன் அக்டோபரில் இவன் ஆடியதைப் பார்க்கவில்லை. எதிராளியை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போய், அவன் அணிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். ஆளைக் கீழேகூடத் தள்ளவில்லை. அவ்வளவு மரியாதை!

எங்கள் அணிக்காகக் கல்லூரி கல்லூரியாக அலைந்து ஆள் பொறுக்குவது இருபத்தொரு வருடமாக என் பிழைப்பு. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். ஏழு சுற்று. அணிகள் வரிசைப்படி கல்லூரிப் பையன்களை ஆளுக்கு ஒருவனாக எடுத்துக்கொள்ளும். முதல் சுற்றுப் பையன்களை என் அத்தான்கூடக் கண்டுபிடிப்பார். நாலாவது சுற்றில் ஒளிந்திருக்கிறவனைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது என் சாமர்த்தியம். கண்டுபிடித்தால் போதாது, மற்றவர் கண்ணில் படாமல் பொத்தி வைக்கவும் வேண்டும்.

பொத்தினேன்.

காபி குடிக்கும்போது பர்ல் ஆரம்பித்தார். "என்ன அம்மணி, அந்தத் தடிப்பையனையே பாத்துக்கிட்டிருந்தே?"

"தூங்கிட்டிருந்தேன் பெரிசு. கண்ணைத் தொறந்துகிட்டே தூங்க எனக்கு வரும்."

"ஆள் எப்படி?"

"ஆள் தங்கம்தான். ஆட்டத்துலதான் மனசு இல்ல. கேக் கடை வைக்கணுமாம். ரெண்டு வருஷம் ஒப்பேத்திட்டுக் கிளம்பிடுவான்."

இதில் உண்மை எவ்வளவு? பிப்ரவரியில் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் சுட்ட எலுமிச்சை கேக்கை அவன் அம்மா தட்டில் வைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் உண்மை. மிச்சம் என் கைப்பக்குவம்.

பர்ல் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார், பாவம்.

மார்ச் 13, புதன்

அருமையான தூக்கம். மனசாட்சி என்று ஒன்று எனக்கு இருந்தால் அது என்னைவிட அசந்து தூங்குகிறது.

மார்ச் 20, புதன்

அலபாமா. மைதான ஓரத்தில், வேறொரு அணிக்கு ஆள் பொறுக்குகிற ஒருவர் என் காதருகே குனிந்து, "வெளிய சொல்லிடாதீங்க... அந்த லூசியானா பையன் அடுப்பே வாங்கிட்டானாம்" என்றார்.

"ஐயோ, அப்படியா!" என்றேன்.

சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலிக்கிறது. என் பொய் எட்டே நாளில் மாநில எல்லையைத் தாண்டி, போகிற வழியில் அடுப்பும் வாங்கியிருக்கிறது.

மார்ச் 29, புனித வெள்ளி

அக்கா வீட்டில் நண்டு மாதிரி இருக்கிற ஆற்று இறால் வேகவைத்தார்கள். முற்றத்து மேசையில் காகிதம் விரித்துக் குவியலாகக் கொட்டி, எல்லோரும் சுற்றி நின்று உடைத்துத் தின்றோம். காரத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போது அத்தான் கேட்கிறார்: "ஏம்மா நதீன், கேக் படிக்க பாரீஸுக்குப் போறானாமே ஒரு ஆட்டக்காரன், உனக்குத் தெரியுமா? ரேடியோல சொன்னான்."

பாரீஸா? அது என்னுடையது இல்லை. யாரோ புண்ணியவான் சேர்த்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

தலைமை அலுவலகத்தில் கூட்டம். சுவர் முழுக்கப் பையன்களின் பெயரட்டைகள், சுற்று வாரியாக. லெமுவெலின் அட்டை நாலாவது சுற்றில், நான் வைத்த இடத்தில், அழகாக இருந்தது.

எங்கள் மேலாளர் சாண்டர்லிங் எழுந்து சுவரருகே போனார். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர், கால்சட்டை மடிப்பில் காய் நறுக்கலாம். அட்டையைப் பிடுங்கினார்.

"இந்தப் பையன் வேண்டாம். எனக்கு நம்பகமான தகவல் வந்திருக்கு. பாரீஸ்ல சமையல் பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சிடுச்சாம்."

அட்டையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு என்னிடம், "நல்ல முயற்சி நதீன்" என்று வேறு சொன்னார்.

நான் என்ன செய்தேன்? தண்ணீர் குடித்தேன்.

ஏப்ரல் 10, புதன்

சொல்லியிருக்கலாம். அப்போதே எழுந்து நின்று சொல்லியிருக்கலாம் — சார், அது நான் கட்டின கதை. ஏன் சொல்லவில்லை? அணியோடு என் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது, அதனால்தான். வேறு காரணம் தேடாதே நதீன்.

ஏப்ரல் 12, வெள்ளி

லெமுவெல் போன் பண்ணினான்.

"மிஸ் நதீன், தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்க. ஒரு சந்தேகம். எந்த அணிக்காரங்க கூப்பிட்டாலும் ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறாங்க. பிரெஞ்சு தெரியுமான்னு கேக்குறாங்க. நான் இதுவரைக்கும் விமானத்துலயே ஏறினதில்லையே! நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"நீ ஒண்ணும் தப்பாப் பேசலப்பா."

"நாலு அணி கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அதைக் கேட்டதோட சரி, இப்ப ஒருத்தரும் கூப்பிடறதில்ல."

போனை வைத்த பிறகு காரை எடுக்கத் தோன்றாமல் பெட்ரோல் பங்கிலேயே நின்றேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இது ஒன்றுதான் வாசல், அதை இழுத்து மூடிவிட்டு நான் அக்கா வீட்டில் இறால் தின்றுகொண்டிருந்தேன். சீ!

ஏப்ரல் 15, திங்கள்

சாண்டர்லிங்கிடம் சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

"சார், அந்தக் கேக் கதை நான் விட்டது. மத்தவங்க அவனை எடுத்துடக் கூடாதுன்னு."

நோயாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "உங்களுக்கு அந்தப் பையன் மேல பாசம். புரியுது. ஆனா எனக்கு மூணு இடத்துலேருந்து தகவல் வந்திருக்கு."

"மூணும் என் வாயிலேருந்து கிளம்பினதுதான் சார்."

"ஒருத்தர் அந்தப் பள்ளிக்கூடத்துப் பேரையே சொன்னார். உங்களுக்கு அந்தப் பேர் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒண்ணு இல்லவே இல்லையே!"

"பாத்தீங்களா? அப்ப அது நீங்க கட்டின கதை இல்ல."

வாய்க்குள் ஈ போயிருந்தாலும் தெரிந்திருக்காது எனக்கு. இந்த மனிதர்தான் என் அதிகாரி.

ஏப்ரல் 19, வெள்ளி

லெமுவெல் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஒடெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அப்போதுதான் வண்டியை விட்டுவிட்டு வந்திருந்தார். "வாங்க வாங்க" என்று சிரித்த முகம். நான் சொல்லி முடித்தபோது அந்த முகம் இல்லை.

"என் பையன் சுட்ட கேக்கை மூணு துண்டு தின்னியே. நாலாவது கேட்டும் வாங்கினியே. கையலம்பிட்டுப் போயி அவன் பொழப்புலயே மண்ணள்ளிப் போட்டியா?"

"அவன் எங்க அணிக்கு வரணும்னுதான் —"

"உனக்கு என்ன வேணும்னு நான் கேட்டேனா? அவனுக்கு என்ன வேணும்னு நீ கேட்டியா?"

தலையைக் குனிந்து நின்றேன். ஐம்பத்துநாலு வயதில், வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டவள் மாதிரி.

லெமுவெல் கோபப்படவே இல்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். படியில் உட்கார்ந்து கேட்டான்: "மிஸ் நதீன், நான் நெசமாவே நல்லா ஆடறேனா? அதுவும் கதையா?"

"உன்னை மாதிரி ஒருத்தனை இருபத்தொரு வருஷத்துல நான் பாத்ததில்லப்பா."

அவன் என் முகத்தையே பார்த்தான். இவள் பேச்சை நம்பலாமா என்று யோசிக்கிறான், கண்ணில் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வெட்கப்பட்டேன்.

ஏப்ரல் 20, சனி

காலையிலிருந்து போன், போன், போன். தெரிந்த அணிக்காரர்கள் பதினோரு பேர். எல்லோரிடமும் ஒரே பாட்டு: அது பொய், அவன் வைரம், எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒருத்தர், "என்ன நதீன், இப்ப எங்க தலையில கட்டப் பாக்கறியா?" என்கிறார்.

பர்ல் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லவன்னா சொல்றே?" என்று இரண்டு தடவை கேட்டார். குரலே சரியில்லை. அவரும் கைவிட்டுவிட்டார் போல.

ஏப்ரல் 25, வியாழன்

முதல் சுற்று முடிந்தது. எங்கள் அணி எவனையோ எடுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஏப்ரல் 27, சனி

நாலாவது சுற்று. எங்கள் முறை வந்தது. கடைசியாக ஒரு தடவை சாண்டர்லிங்கைப் பார்த்தேன். அவர் கை நீளமான ஒருவனை எடுத்தார். கையைத் தவிர அவனிடம் ஒன்றும் இல்லை. "முப்பத்துநாலரை அங்குலம்!" என்று அறையே பூரித்துப்போனது. துணி காயப்போட உதவுவான்.

ஐந்தாவது சுற்று பாதி போயிற்று. நான் நகத்தையெல்லாம் தின்று முடித்திருந்தேன். டிவியில் பர்லின் அணி. மேடையில் நின்றவர் சீட்டைப் பார்த்துப் படித்தார்: "லெமுவெல் பட்டீஸ்."

"ஆஹா!" என்று கத்தியேவிட்டேன். அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நாற்காலியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

பர்லே கூப்பிட்டார். "என்ன அம்மணி, உன் சமையல்காரன் எங்க வீட்டுக்கு வந்துட்டான்."

"பெரிசு! நீ நம்பலையா? அன்னிக்குத் தலையாட்டினியே!"

"தலைதானே ஆட்டினேன். இருபத்தொரு வருஷமா உன்கூடக் காபி குடிக்கிறேன். உருப்படாதவனை நீ வாயாரப் புகழுவே. நல்லவன் ஒருத்தன் கிடைச்சாத்தான் திட்டுவே. மார்ச்லயே முடிவு பண்ணிட்டேன் இவன்தான்னு. போன வாரம் நீ போன் பண்ணி நல்லவன்னு சொன்னே பாரு, அப்பத்தான் ஆடிப்போயிட்டேன். மூணு நாள் அவன் ஆட்டத்தை மறுபடி மறுபடி போட்டுப் பாத்தேன்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருபத்தொரு வருடமாக நான் இவரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைப்பு எனக்கு!

மே 6, திங்கள்

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கடிதத்தில் காரணம்: வீரர்களைப் பற்றி இவர் தரும் தகவல்களில் நம்பகத்தன்மை குறைவு.

எங்கே தப்பு கண்டுபிடிப்பது? எழுத்துப்பிழைகூட இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

அத்தானின் படகுக் கடையில் தூண்டில் விற்கிறேன். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. போரடிக்கிறது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்றைக்குத்தான் ஒவ்வொரு அணியும் தொண்ணூறு பேரில் ஐம்பத்துமூன்று பேரை வைத்துக்கொண்டு மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்புகிற நாள். பகல் முழுக்க ஒரு புழுவைக்கூட ஒழுங்காக எண்ணிக் கொடுக்கவில்லை.

நாலு மணிக்கு ஒடெட்டிடமிருந்து போன். ஏப்ரலுக்குப் பிறகு இப்போதுதான் பேசுகிறார். "வச்சிக்கிட்டாங்க" என்றார். அப்புறம், "உன்னை இன்னும் மன்னிக்கல. சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 4, புதன்

பர்லுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இனி நாள் முழுக்க வண்டி ஓட்ட முடியாதாம். தன் இடத்துக்கு என்னைச் சொல்லியிருக்கிறார். அவருடைய மேலாளரைப் பார்க்கப் போனேன். நரைத்த தலை, கசங்கிய சட்டை. ஜன்னலுக்கு வெளியே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இருநூறு கெஜத் தூரத்திலும் லெமுவெலை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒருவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஒரே ஒரு கேள்விதான்" என்றார் மேலாளர். "அந்தப் பையனைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் பர்ல் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கை குட்டை" என்றேன். "குட்டைன்னா குட்டை, சட்டைப் பித்தானே எட்டாது. கால் ரெண்டும் சிமெண்டு மூட்டை. இந்த வெயில்ல இன்னும் ஒரு வாரம் நின்னா உருகி ஓடிடுவான். நானா இருந்தா வாசல் கதவைக்கூடத் தொறக்க மாட்டேன்."

மேலாளர் பர்லைப் பார்த்தார். "அவ்வளவு நல்லவனா?"

"இருங்க சார், இன்னும் முடிக்கல" என்றார் பர்ல்.

முடிக்கவில்லைதான். முழுசாகப் பத்து நிமிடம் அவனைத் திட்டித் தீர்த்தேன். நடுவில் குரல் உடைந்துவிட்டது, இருமல் என்று சொன்னேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.