துணியில் தங்கியதையும் சோதிக்கக் கோரி

அனுப்புநர்:
எழுத்தர், பேருந்துப் பணிமனை,
வீடு: சி பிளாக், மூன்றாம் மாடி, அடுக்குமாடிக் குடியிருப்பு.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
குடிநீர்த் தரப் பரிசோதனைப் பிரிவு.

பொருள்: எங்கள் மாடித் தொட்டி நீரை வடிகட்டாமல் மறுபரிசோதனை செய்ய வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காவுக்குச் சென்ற ஆண்டு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவள் நான். "தங்கச்சியைப் பாதி என் வயித்துலயே குடிவச்சிருக்கேன், வாடகைகூட வாங்கறதில்ல" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது அந்தப் பேச்சு நின்றுவிட்டது. உடல் புதிய உறுப்பை ஒதுக்காமலிருக்க அவள் உண்ணும் மாத்திரைகள் நோய் எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடுகின்றன. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படவில்லை.

2. மொட்டைமாடியிலுள்ள நீலப் பிளாஸ்டிக் தொட்டி, மூடி உடைந்து, வெயிலில் காய்ந்து, உட்புறம் செதில் செதிலாக உரிகிறது. குழாயைத் திறந்தால் வாளியின் அடியில் நீலத் தூள், தொட்டால் வழுவழுவென்றிருக்கிறது. மருத்துவரிடம் காட்டினேன். இத்தகைய துணுக்குகளின் மேல் கிருமிகள் கூட்டமாக ஒட்டிப் படலம் கட்டிக்கொள்ளும், குளோரின் அதற்குள் எளிதில் போய்ச் சேராது, பழைய குழாய்களிலிருந்து வரும் ஈயமும் துத்தநாகமும் அதில் படியும், உலோகத்தைத் தாங்கிப் பழகிய கிருமி மருந்தையும் தாங்கக்கூடும் என்றார். அக்காவின் நோய்க்கு இதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்.

3. அதற்காகத்தான் முன்பு தங்களிடம் விண்ணப்பித்தோம். வந்த ஊழியர் மரியாதையானவர். அவர்மீது எனக்குக் குறையில்லை. புட்டியின் வாயில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் வழியே நீரை ஊற்றி நிரப்பினார். கேட்டதற்கு, "தூசி போனா மெஷின் அடைச்சுக்கும்மா" என்றார். துணியில் தங்கியதை எங்கள் வாசலிலேயே உதறிவிட்டுப் போனார். நீர் குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை வந்தது. ஐயா, அந்தப் புட்டியிலிருந்த நீரைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நீரை இங்கே யாரும் குடிப்பதில்லை. அவர் உதறியதையும் சேர்த்துத்தான் நாங்கள் குடிக்கிறோம்.

4. அந்த அறிக்கையைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாடிப்படியருகே ஒட்டிவைத்திருக்கிறார். தொட்டியை மாற்றச் சொல்லி யார் போனாலும் அதைக் காட்டுகிறார். தங்கள் முத்திரைக்கு முன்னால் என் வாளி எடுபடவில்லை.

5. கேன் தண்ணீர் வாங்கலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். வாங்குகிறோம். "கேனும் பிளாஸ்டிக்தானேடி" என்கிறாள் அக்கா. சிறுநீரகம் நிலைக்க நிறைய நீர் குடிக்க வேண்டுமென்பது மருத்துவரின் கண்டிப்பான உத்தரவு. அவளோ டம்ளரை வாங்கி உதட்டை நனைத்துவிட்டு, நான் திரும்பியதும் ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிடுகிறாள். எனக்குக் கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஆகவே, வடிகட்டாத நீரையும் வடிகட்டினால் தங்குவதையும் கிருமிக்கும் உலோகத்துக்கும் சேர்த்தே சோதிக்குமாறும், அதுவரை பழைய அறிக்கையைத் திரும்பப் பெறுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். கெடுதல் என்று வந்தால் தொட்டியை மாற்றச் சொல்லி நிற்க எங்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். நல்லது என்று வந்தால் அவளுக்குப் படித்துக் காட்டுவேன், அப்போதாவது குடிப்பாள். தாமதம் வேண்டாம் ஐயா. என்னிடம் மீதமிருப்பது ஒன்றுதான். அதைக் கொடுக்க மருத்துவர்கள் ஒப்பமாட்டார்கள்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: மார்ச் 9

தங்கள் ஆளுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
நோயாளியின் தங்கை